ஐந்து ரூபாய்க் குறை

மின்வெட்டு மாலை. வாழைச்சேனைச் சந்தி மருந்துக்கடையில்
மெழுகுதிரி வெளிச்சத்தில் பனடோல் எண்ணிக் கொடுத்தேன்.
பூட்டும்போது கணக்கில் ஐந்து ரூபாய் குறைந்தது.
லாச்சியின் அடியில் ஐந்து ரூபாய் மாதிரி ஒன்று.
ஐந்து ரூபாய் இல்லை.

பித்தளை. வட்டம். ஒரு பக்கம் 417.
மறுபக்கம் எல்லாம் தேய்ந்து ஒரு ‘க’ மட்டும்.
“என்னகா இது?” என்றாள் நுஸ்ரத்.
கடதாசி ஆலைக் கன்டீன் டோக்கன் என்றேன்,
தெரிந்தவள் போல.
என் பேர்ஸிலிருந்து ஐந்து ரூபாய் போட்டுக் கணக்கை நேராக்கினேன்.
ஆக, முதலாவதை விலை கொடுத்துத்தான் வாங்கினேன்.
விற்றவர் யாரென்றுதான் தெரியாது.

அதற்குப் பிறகு சில்லறை சில்லறையாக இல்லை.
உடைந்த ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் லாச்சிக்குள் வந்தது.
ஒரே மஞ்சள், ஒரே ஐந்து;
ஒன்று தாவி ஒட்டும், ஒன்று சும்மா கிடக்கும்.
ஒட்டாதது பழையது. அதை எடுத்துக்கொண்டு
ஒட்டுகிற என் ஐந்தை உள்ளே போடுவேன்.
முதலாளி உவைஸ் இரண்டு நாள் பார்த்தார்,
மூன்றாம் நாள் லாச்சியைத் தானே எண்ணினார்,
ஒன்றும் சொல்லவில்லை.

ஓட்டமாவடிப் பழைய இரும்புக் கடையில்
ஹயாத்து நிறுத்து விற்றார்:
இதழ் இதழாய் விளிம்பு வைத்த இரண்டு சதம்,
மூலை மழுங்கிய சதுர ஐந்து சதம்,
நடுவில் நாலு வாசர், ஒரு கோட்டுப் பொத்தான்.
பொத்தானுக்கும் காசு எடுத்தார்.

அதற்குள் ஒரு செப்புச் சதம் இருந்தது,
கரிச்சட்டி நிறம், நடுவில் ஒரு மரம்.
பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன்.
கலியாண வீட்டுக் குத்துவிளக்காய் மினுங்கியது.
மட்டக்களப்புக்குக் கொண்டுபோனேன்.
மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் காசு மாற்றும் நிரோஜன்
கண்ணாடி வைத்துப் பார்த்தான், விலை சொல்லவில்லை.
“மூஞ்சியக் கழட்டிப்போட்டீங்களே அக்கா.”
அந்தக் கறுப்பு அழுக்கில்லையாம்,
எண்பது வருஷத்துக் காற்றாம்.
திரும்பி வரும் பஸ்ஸில், ஏறாவூர் தாண்டும்வரை
அது என் கைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது.

இப்போது விளிம்பில்தான் பிடிக்கிறேன்.
பிளாஸ்டிக்கில் போடுவதில்லை, பச்சை பூக்கும்.
மருந்து போடும் கடதாசி உறைகள் போதும்:
காலை, பகல், இரவு,
சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின்.
சதுர ஐந்து சதம், நாளைக்கு மூன்று வேளை.
417இன் உறையில் ‘தேத்தண்ணி’ என்று எழுதி
காலைக்கு நேரே ஒரு புள்ளடி போட்டேன்.

பிரஷர் குளிசைக்கு மாதம் ஒருமுறை வருகிறவர் அழகையா.
ஆலையில் கூழ்ப் பகுதியில் இருபத்திரண்டு வருஷம்.
உள்ளங்கையில் வைத்தேன்.
விளிம்பில் பிடிக்கவில்லை அவர்;
பெருவிரலால் தேய்த்தார், தேய்த்தார்.
நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“இது தேத்தண்ணிக்கில்ல பிள்ள. சைக்கிளுக்கு.
ஒண்டு ஹேண்டில்ல தொங்கும், ஒண்டு நம்மட பொக்கட்டுல.
வேலை முடிஞ்சு இதக் குடுத்தாத்தான்
சைக்கிள வெளிய விடுவான்.”

“அப்ப இது வெளிய இரிக்குதெண்டா?”

அவர் குளிசைகளை எண்ணினார்.
ஒன்று குறையுது என்றார். குறையவில்லை.
திரும்ப எண்ணினார்.
“சைக்கிள் உள்ள நிண்டிரிக்கும்” என்று சொல்லிவிட்டுப்
படியிறங்கிப் போனார், மிச்சக் காசை மறந்து.

உறையில் ‘தேத்தண்ணி’யை வெட்டினேன்.
காலைப் புள்ளடி அழியவில்லை, பேனை மை.

என்னிடம் இல்லாதவற்றுக்கு ஒரு கொப்பி வைத்திருக்கிறேன்.
அரைச் சதம். பழைய வெள்ளி ஐம்பது சதம்.
ஆணி ஓட்டை விழாத ஒரு சதம், ஏதாவது வருஷம்.
பக்கம் நிறைந்துவிட்டது.
ஓரத்தில், பக்கவாட்டாக எழுதினேன்:
417, மற்றது.